தோல்முட்டையும் புளியங்கொட்டையும்

தாராவியில் நாங்கள் குடியிருந்த அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. பின்கதவைத் திறந்தால் ஆறடிச் சந்து. அதில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கிக் கோழிக்கூடு செய்திருந்தேன். கோழிகள் ஐந்து: கறுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று, புள்ளி ஒன்று. பம்பாயில் ரேஷன் வந்த புதிதில் குஞ்சுகளாக வாங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து என் மனைவி வளர்த்தவை. ஐந்தும் ஒரே வாரத்தில் முட்டைக்கு வந்தன.

முதல் முட்டை நெல்லிக்காய் அளவுதான். உடைத்தால் மஞ்சள் கரு இல்லை. இரண்டாவது, வெள்ளரிப் பிஞ்சுபோல நீண்டு ஒரு பக்கம் வளைந்திருந்தது. மூன்றாவதில் இரண்டு கரு. ஒரு நாள் நான்கு முட்டை கிடைக்கும், அடுத்த இரண்டு நாளும் ஒன்றுமே இருக்காது. நான் தோல் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. ஒரு கட்டுக்கு ஐம்பது தோல் என்றால் ஐம்பது இருக்கும்; குறைந்தால் யாரோ எடுத்திருப்பார்கள். இந்தக் கோழிகளிடம் அப்படி எந்தக் காரணமும் பிடிபடவில்லை. காலண்டரின் பின்பக்கம் கட்டம் போட்டு, தினமும் முட்டைகளின் எண்ணிக்கையையும் உருவத்தையும் எழுதத் தொடங்கினேன்.

இரண்டாவது வாரம், சந்தில் துணி காயப்போட வந்த பக்கத்து அறை அக்கா, கூட்டுக்கு வெளியே ஒரு முட்டையைக் கண்டெடுத்தாள். அதற்கு ஓடே இல்லை. ஈரத் தோலுக்குள் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தது. அந்த அக்கா எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரி. எங்களுக்கு நல்லதே நினைப்பவள்.

“தம்பி, புள்ளத்தாச்சி இருக்க வீட்டுல தோல்முட்டை ஆவாது. எந்தக் கோழின்னு பாத்து அறுத்துப் போடுங்க” என்றாள்.

என் மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம். அதற்கு முந்திய ஆண்டு நான்காம் மாதத்திலேயே ஒன்று தங்காமல் போயிருந்தது. அக்கா போன பிறகு அவள் அந்த முட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“ஒரு தடவை தவறுனதுக்கா?” என்றாள்.

கோழிகளை விட்டுவிட்டேன். ஆனால் அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. இனி தோல்முட்டை எதுவும் அவள் கண்ணில் படக்கூடாது என்று முடிவு செய்தேன். விடியும்போதே எழுந்து கூட்டைப் பார்த்தேன். கிடைத்த தோல்முட்டைகளைத் துண்டில் பொதிந்து கொண்டுபோய், கிடங்குக்குப் போகிற வழியில் சாக்கடையில் போட்டேன். காலண்டரில் அவற்றுக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்தேன். மாகிம் ஓடைக் கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை இடித்து, ஓடு கெட்டிப்படட்டும் என்று தவிட்டில் கலந்து வைத்தேன். முட்டை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவந்தேன். அவளும் ஆமாம் என்றாள்.

இப்படி மூன்று வாரம் போனது. நான்காம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாததால் நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். மதியத்துக்குள் சந்திலிருந்து நான்கு முறை கொக்கரிப்புக் கேட்டது. முட்டையிட்ட கோழி ஊருக்கே சொல்லாமல் இருக்காது. அவள் முட்டை எடுத்துவைக்கும் கூடையில் பார்த்தால் மூன்று முட்டை. ஒரு முட்டைக்கு ஒரு கொக்கரிப்பு என்பது உறுதியான விதி அல்ல என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மனம் கேட்கவில்லை. சந்துக்குப் போனேன். அவள் துவைகல்லுக்கு அருகில் சிரமப்பட்டுக் குனிந்து ஒரு சிறு குழியை மண்ணால் மூடிக்கொண்டிருந்தாள்.

என்ன என்று கேட்டேன். அவள் உள்ளே வந்து, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, கையில் இருந்த ஒரு புளியங்கொட்டையை அதில் போட்டாள். பிறகு டப்பாவை என் முன் கவிழ்த்தாள். ஐந்து புளியங்கொட்டைகள்.

முட்டைக்கு ஒரு கொட்டை; இன்றையதைத் தவிர மற்றவை நான் கிடங்குக்குப் போன பிறகு கோழிகள் இட்ட தோல்முட்டைகள். நான் பயந்துவிடுவேன் என்று ஒளித்திருக்கிறாள். அக்காவுக்குத் தெரிந்தால் கோழி போய்விடும் என்ற கவலை வேறு. நான் காலண்டரைத் திருப்பி என்னுடைய நான்கு புள்ளிகளைக் காட்டினேன். அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

எனக்கு வேறு கவலை. கொட்டைகளில் தேதி இல்லை. எந்த நாள் என்று தெரியாத எண்ணிக்கை எதற்கு உதவும் என்றேன்.

“தேதி எதுக்கு? எனக்கு நாளு தெரியும்” என்றாள். ஒவ்வொரு கொட்டையாக நகர்த்தினாள். இது குழாயில் தண்ணீர் வராத நாள். இது நான் சாப்பாட்டுத் தூக்கை மறந்து போன நாள். இது அக்கா முறுக்குச் சுட்ட நாள். காலண்டரில் ஒவ்வொன்றுக்கும் இடம் கிடைத்தது. அக்கா கண்டெடுத்ததையும் சேர்த்து மொத்தம் பத்து. அது கிடைத்த முதல் வாரம் ஐந்து, இரண்டாம் வாரம் மூன்று, மூன்றாம் வாரம் ஒன்று, இந்த வாரம் ஒன்று. ஒரு கோழி மட்டும் செய்த காரியமும் அல்ல. கறுப்பும் வெள்ளையும் இரண்டு சிவப்பும் இட்டதை அவளே பார்த்திருக்கிறாள்.

“பழகிக்கிடுதுக” என்றாள் அவள், கட்டங்களை விரலால் தடவியபடி.

நான் கிளிஞ்சலைப் பற்றிச் சொன்னேன். அவளும் முட்டை ஓடுகளை வறுத்துப் பொடித்துப் போட்டுவந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் கிளிஞ்சலா, அவள் ஓடா, அல்லது கோழிகளுக்கு வயது கூடியதா, எது சரிசெய்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு கோழிக்கு மட்டும் கொடுத்து மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். இனி எதையும் ஒளிப்பதில்லை என்று பேசிக்கொண்டோம்.

அவளுக்கு வலி கண்டது கடும் வெயில் காலத்தில். மருத்துவச்சியும் அக்காவும் உள்ளே இருக்க, நான் சந்தில் கூட்டருகே உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குள் நான்கு முட்டை, நான்கும் நல்ல ஓட்டோடு. அவற்றை எத்தனை முறை எண்ணினேன் என்பதை மட்டும் எண்ணவில்லை. பிறகு புள்ளிக்கோழி கொக்கரித்தது. குனிந்து பார்த்தால் தோல்முட்டை. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, இன்றைக்கென்று பார்த்து. அதைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் குழந்தையை அணைத்துப் படுத்திருந்தாள்.

“இன்னைக்கு எத்தனை?” என்றாள்.

“நாலு.”

“கொக்கரிச்சது அஞ்சு தடவை. நானும் எண்ணிக்கிட்டுத்தான கெடந்தேன்.”

நான் சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“தோலா?”

“தோல்தான்.”

அவள் குழந்தையின் தலையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

“சரி, எழுதிக்கிடுங்க” என்றாள்.