தறிச் சத்தமும் கம்ப்யூட்டர் காத்தாடியும்

இன்று காலை பேண்டேஜ் துணி நெய்யும் எங்கள் ராஜபாளையம் கம்பெனியில் என் கம்ப்யூட்டரைத் தூக்கி வெளியே வைக்கப் பார்த்தார்கள்.

முதலாளி அண்ணாச்சி ஆபீசில் உட்கார்ந்தபடியே, சுவருக்கு அந்தப் பக்கம் எந்தத் தறி நின்றது என்று காதாலேயே கண்டுபிடிப்பவர். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுற்றும் காத்தாடி போடும் இரைச்சலில் இப்போது அவருக்கு ஒன்றும் கேட்பதில்லை.

"ஏம்மா, சாயங்காலத்துக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும். இல்லைன்னா பெட்டியைத் தூக்கிருவேன்."

பிளாப்பியில் பில் போடப் பழகிவிட்டு, மறுபடியும் கார்பன் தாளோடு மல்லுக்கட்டுவதா? நடக்காது.

கரண்ட்டை அணைத்துப் பெட்டியைத் திருப்பினேன். பின்னால் காற்று வெளியேறும் ஓட்டையை மூடி, நாலு மடிப்புப் பேண்டேஜ் துணி கட்டியிருந்தது.

"பஞ்சு உள்ள போயிரக் கூடாதுன்னு நான்தான் கட்டினேன்" என்றார் அண்ணாச்சி, பெருமையாக.

"சூடு வெளிய போகணும்ல அண்ணாச்சி? வாயைக் கட்டிப் போட்டா அது கத்தத்தான் செய்யும்."

துணியை அவிழ்த்தேன். காத்தாடி இறக்கையில் அப்பியிருந்த பஞ்சைப் பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். மத்தியானம் வரை ஓடியும் பெட்டி சூடாகவில்லை. சத்தமும் அடங்கிவிட்டது.

அண்ணாச்சி செத்த நேரம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். பிறகு, "கடைசித் தறி நின்னு கெடக்கு!" என்று எழுந்து ஓடினார்.

நான் ஜெயித்துவிட்டேன். பக்கத்து மேசை மாரியம்மாள்தான் முறைத்தாள்.

"ஏட்டி, இனிமே நாம அண்ணாச்சியப் பத்திப் பேசுறதும் அவியளுக்குக் கேக்குமே?"

இரைச்சல் போடும் பழைய காத்தாடி யாரிடமாவது இருக்கிறதா?