பாதையில் வைத்த பச்சைப் பை

இட்வல் பிராசர் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். அத்தனை வருடமும் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர், ஓய்வு பெற்றதும் எல்லோருக்கும் பின்னால் நடக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார். சம்பளம் கிடையாது. மத்தியானம் சாண்ட்விச் உண்டு.

வை என்னும் ஆற்றின் கரையில் எல்ஸ்ஃபோர்டு என்ற அந்தச் சின்ன ஊருக்கு, ஈஸ்டர் கழிந்ததும் சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் வந்து இறங்கும். ஒரு வாரம் ஆற்றோரமும் மலைச்சரிவுமாக நடந்து தீர்த்துவிட்டு, காலில் கொப்புளத்தோடு அடுத்த சனிக்கிழமை ஊர் திரும்பும். இதற்குப் பெயர் விடுமுறை. வரைபடத்தோடு முன்னால் போகிறவள் விடுதிக்காரி கிளெனிஸ். கடைசியில் வருகிறவர் இட்வல். திறந்த படல்களைச் சாத்துவதும், தலைகளை எண்ணுவதும், பின்தங்கியவர்களோடு நடப்பதும் அவர் பொறுப்பு.

இன்னொரு வழக்கமும் உண்டு. வழியில் யாருக்காவது புதர் மறைவுக்குப் போகவேண்டி வந்தால், முதுகுப்பையைப் பாதையில் வைத்துவிட்டுப் போவார்கள். பையைக் கண்டால் கடைசி ஆள் நின்றுவிட வேண்டும். புதருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கூப்பிடக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. இதில் இட்வலை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

ஹெஸ்டர் மில்வார்டு என்ற பெண்மணி பதினோரு வருடமாக மே மாத முதல் வாரம் தவறாமல் வருகிறவர். பர்மிங்ஹாமில் மருந்துக் கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நன்றாக நடக்கக் கூடியவர்தான். ஆனாலும் இரண்டாவது வருடத்திலிருந்து வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டார். மழை, முழங்கால், ஹெஸ்டரின் செவிட்டுப் பூனை என்று இரண்டு பேரும் பேசாத விஷயம் இல்லை. பேச வேண்டியது ஒன்றைத் தவிர.

இந்த வருடம் வந்து இறங்கியதுமே ஹெஸ்டர் சொல்லிவிட்டார். வீட்டை விற்றாயிற்று, அடுத்த மாதம் நியூசிலாந்துக்குப் போய்த் தங்கையோடு இருந்துவிடப் போகிறார். அங்கேயும் ஆடுகள் நிறைய என்று கேள்விப்பட்டதாக இட்வல் பதில் சொன்னார். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு ஞாயிறு தொடங்கி ஐந்து நாள் இருந்தது. வாயில் கொழுக்கட்டையை அடைத்தாற்போல் ஐந்து நாளையும் நடந்தே தீர்த்தார்.

கிளெனிஸுக்கே பொறுக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏன் இட்வல், பஸ் போனப்புறம் ஸ்டாப்புல நின்னு கையக் காட்டுறவங்களைத் திட்டிக்கிட்டே இருப்பீங்களே, ஞாபகம் இருக்கா?"

வெள்ளிக்கிழமை கடைசி நடை. மலையிலிருந்து இறங்கும் வழியில், வெள்ளையாகப் பூத்துக் கிடந்த முள்வேலி ஓரம், பாதையின் நடுவில் ஹெஸ்டரின் பச்சைப் பை இருந்தது. இட்வல் நின்றார். வேலிக்கு முதுகைக் காட்டினார். எதிர்ச்சரிவில் மேய்ந்த ஆடுகளைப் பார்த்தார்.

கால் மணி ஆயிற்று. அரை மணியும் ஆயிற்று. வயிறு சரியில்லை போலும், பாவம் என்று நினைத்துக்கொண்டார். காலையில் பரிமாறிய காளான்மேல் சந்தேகம் போயிற்று. கீழே பாலத்தடியில் மற்ற பன்னிரண்டு பேரும் டீயை ஆறவிட்டுக் காத்திருந்தார்கள். முக்கால் மணியானபோது தூறல் விழுந்தது. இட்வல் தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பையை மூடிவிட்டு, மறுபடி பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றார்.

வேலிக்குப் பின்னாலிருந்து ஹெஸ்டரின் குரல் வந்தது. "இட்வல், நான் இங்க கல்லு மேல சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"அவசரமில்ல. ஆற அமர வாங்க," என்றார் இட்வல், திரும்பாமலே.

"வேற எதுக்கும் ஒதுங்கல. தனியா இருந்தா வந்து ஏதாவது சொல்லுவீங்கன்னுதான் பையை வச்சேன். முக்கால் மணி நேரமா வேலிச் சந்து வழியா உங்க முதுகைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

இட்வலுக்குக் காது சிவந்தது. கிழட்டு ஆடு ஒன்று மேய்வதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. அதைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

"போகாதீங்க. வருஷத்துல ஒரு வாரம் உங்ககூட நடக்கத்தான் பாக்கி அம்பத்தோரு வாரமும் இருந்துக்கிட்டிருக்கேன். என் வீட்டு மாடியில ஆத்தைப் பாத்த மாதிரி ஒரு ரூம் சும்மா கெடக்கு. பூனையையும் கூட்டிட்டு வாங்க. கல்யாணம் பண்ணிக்கணும்னாலும் எனக்குச் சம்மதந்தான்."

மழை சற்று வலுத்தது.

"நேத்து வரைக்கும் டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்திருக்கலாம்," என்றார் ஹெஸ்டர். "இனிமே குடுத்தா ஒரு பென்னிகூட வராது."

இட்வல் கொஞ்சம் யோசித்தார். "காசு போகட்டுமா?" என்று கேட்டார்.

"போகட்டும்," என்றார் ஹெஸ்டர்.

அப்புறம்தான் இட்வல் திரும்பினார்.