விளக்கோடு சேர்த்துத் தேய்த்த கடிகாரம்

குளியலறை வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து, குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் அம்மா தேய்த்துக் காயவைத்திருந்தார். வரிசையின் கடைசியில் மாப்பிள்ளைக்கு வாங்கிய கைக்கடிகாரம் கிடந்தது.

நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் சகோதரன்தான் மேடையில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்டிவிட வேண்டும். அப்பா இல்லாத வீடு. தங்கைக்கு அண்ணன் நான் ஒருவன்தான். மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள். நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திவிட்டு, புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் பெட்டி கட்டுகிறவன். 'அண்ணன்காரன் பழச தலையில கட்டிட்டான்' என்று அந்த வீட்டில் யாராவது ஒருவர் சொன்னால் போதும், தங்கை ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிச்சயம் நடந்ததிலிருந்து எனக்கு இதே கவலை. அதனால்தான் மாப்பிள்ளையையே கடைக்குக் கூட்டிப்போனேன். அவர் ஒரு கடிகாரத்தை எடுத்து, கண்ணாடியைச் சுற்றியுள்ள பட்டை வளையத்தைத் தடவிக் காட்டினார்.

"பளபளன்னு வேணாம் மச்சான். இப்படிக் கோடு கோடா, மங்கலா இருக்கணும்."

தலைமுடியைவிட மெல்லிய கோடுகள். எல்லாம் மேலிருந்து கீழாக, ஒரே திசையில். இப்போது அவை பாதி இடத்தில் இல்லை. ஓரிடம் கண்ணாடி மாதிரி மின்னியது. இன்னோரிடத்தில் பாத்திரம் தேய்க்கும் நாரின் கீறல்கள் சுழி சுழியாகக் கிடந்தன.

"கல்யாணத்துக்குக் குடுக்கிற சாமான், மங்கிப்போய் இருந்துச்சுடா. அழுக்குன்னு நெனச்சேன்" என்றார் அம்மா.

"அழுக்கா? காசு குடுத்து வாங்கினதும்மா அந்த அழுக்கு!"

"விடுண்ணே லா" என்றாள் தங்கை. எப்படி விடுவது?

லிட்டில் இந்தியாவில் வாங்கின கடைக்கே ஓடினேன். கடைக்காரர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு தம்பி இத தேச்சது? சட்டிபானைன்னு நெனச்சீங்களா?"

அங்கே நகை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மாற்றித் தர மாட்டாராம். கோலாலம்பூருக்கு அனுப்பிச் சரிசெய்யலாம், ஆனால் கல்யாணம் முடிந்துதான் வருமாம். "அப்போ நீங்களே வெச்சிக்குங்க" என்று கத்திவிட்டு, மூன்று கடை தாண்டின பிறகு, அதை அங்கேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்து திரும்பிப் போனேன். மறுபடியும் சிரித்தார்கள்.

வேறு வழியில்லை. கைப்பேசியில் ஒருவன் வீட்டிலேயே இந்தக் கோடுகளைப் போட்டுக் காட்டும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஹார்ட்வேர் கடையில் மணல்தாள் வாங்கினேன். வளையம் மட்டும் தெரிகிற மாதிரி, கண்ணாடியையும் மற்ற இடங்களையும் டேப் ஒட்டி மறைத்தேன். அழிரப்பரில் மணல்தாளைச் சுற்றிக்கொண்டு, மேலே வைத்துக் கீழே இழுக்க வேண்டும். தூக்கி, மறுபடி மேலே வைத்து இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் போச்சு.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் தேச்சா குத்தம். இவன் மணல் போட்டுத் தேய்க்கிறான், அது சரி!"

கை இழுத்துக்கொண்டு போய்விட்டது. குறுக்கே சாய்வாக ஒரு கோடு விழுந்தது. அதை எடுக்கப் போய் இன்னொன்று.

கடிகாரத்தை அசையாமல் பிடித்திருந்த தங்கை சொன்னாள், "அம்மா மேல உள்ள கோவத்த இதுல காட்டாதண்ணே."

அவளே இரும்பு அடிக்கோலை எடுத்துவந்து வளையத்தின் ஓரமாக அழுத்திப் பிடித்தாள். அந்த ஓரத்தை ஒட்டி இழுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அம்மா கொண்டுவந்து வைத்த கோப்பியைத் தொடாமல் இழுத்தேன். சுழிகள் போயின. மினுக்கம் போனது. டேப்பை உரித்துப் பார்த்தபோது கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. ஒன்றைத் தவிர. நாலு மணிக்குப் பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடு, ஆழமாக விழுந்தது, போகவே இல்லை.

மேடையில் என் கண்ணுக்கு அந்த ஒரு கோடுதான் தெரிந்தது. மாப்பிள்ளையின் மணிக்கட்டில் வாரைப் பூட்டினேன். அவர் கையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"கடையில பாத்த மாதிரியே இருக்கு மச்சான்" என்றார்.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், பின்னாலிருந்து அம்மா சம்பந்தியம்மாவிடம் சொல்வது கேட்டது.

"நல்லா இருக்குல்ல? நான்தான் விளக்கோட சேத்துத் தேச்சு வெச்சேன்."

கல்யாண வீடியோவில் அந்த இடத்தில் என் முகம் சிவந்து, தாடை இறுகி இருக்கிறது. தங்கையைப் பிரிகிற துக்கத்தில் அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்து, வீடியோக்காரர் அதற்கு மட்டும் சோகமான இசை போட்டிருக்கிறார்.