பாதியில் நின்ற தட்டு

ரப்பர் ஆலையில் கரண்ட் போனபோது நெடுமாறன் அழுத்து இயந்திரத்தின் முன் நின்றிருந்தான். கரண்ட் இல்லாவிட்டாலும் அதன் மேல்தட்டு ஒருமுறை ஏறிவிட வேண்டும். அதற்காகத்தான் பக்கத்தில் அக்யூமுலேட்டர் என்ற இரும்பு உருளை. உள்ளே ஒருபுறம் நைட்ரஜன் வாயு, மறுபுறம் எண்ணெய். அமுங்கிக் கிடக்கும் வாயு எண்ணெயைத் தள்ளும்; எண்ணெய் தட்டைத் தூக்கும். அன்று தட்டு பாதி ஏறி நின்றது. சூடான அச்சில் ரப்பர் கருகிவிடுமே என்று அதை எடுக்கக் கையை உள்ளே விட்டான். தட்டு மெல்ல இறங்கிவிட்டது. வலக்கையில் மூன்று விரல்கள் போயின.

அவன் மனைவி பூவிழிக்கு உழவர்கரையில் ஒரு சிறு நிறுவனத்தில் இத்தகைய இயந்திரங்களை வடிவமைக்கும் வேலை. சில வாரங்களில் அந்த இயந்திரத்தைச் சரிசெய்யும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கே வந்தது. முதலாளி கோவிந்தசாமி தயங்கினார், வேறு யாரையாவது பார்க்கச் சொல்லவா என்று கேட்டார்.

"வேணாங்க சார். நானே பாக்குறேன்."

உருளையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பத்து லிட்டர் உருளை என்றால் பத்து லிட்டர் எண்ணெய் கிடைக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். பெரும்பகுதி இடம் வாயுவுக்கே போய்விடும். அந்த வாயுவும் சட்டென விரியும்போது குளிர்ந்து வலு குறையும். கையில் கிடைப்பது மூன்று லிட்டர்கூட இல்லை; தட்டு பாதியில் நின்றது அதனால்தான்.

வீட்டில் அவனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏங்க, தட்டு எவ்ளோ ஏறினா கை தாராளமா வெளிய வரும்?"

அவன் இடக்கையைச் சாப்பாட்டு மேசைமேல் தூக்கிக் காட்டினான். அவள் அந்த உயரத்தை ஸ்கேலால் அளந்தாள்.

அந்த உயரத்துக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, வாயு கொஞ்சம் கசிந்திருந்தாலும் போதும்படி பெரிய உருளையாகத் தேர்ந்தெடுத்தாள். அதையும் நம்பாமல், ஏறிய தட்டு திரும்ப இறங்காதபடி இரும்புக் கொண்டி ஒன்றும் வைத்தாள்.

சோதனை நாளில் நெடுமாறன் சொல்லாமல் வந்து நின்றான். மெயின் சுவிட்சை அணைத்தார்கள். தட்டு நிற்காமல் உச்சிவரை ஏறியது, கொண்டி தானே விழுந்து பூட்டிக்கொண்டது. அவன் கிட்டே போனான். பூவிழி தலையைத் திருப்பிக்கொண்டாள். அவன் கையை உள்ளே விடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றான்.

"இத மொதல்லயே ஒருத்தர் கணக்குப் போட்டிருக்கலாம், இல்ல?" என்றான்.

"போட்டிருக்கலாம்" என்றாள் அவள்.

அடுத்த மாதம் அவன் அதே ஆலையின் ஸ்டோரில், சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான்.