நீலத் துண்டில் ஆரஞ்சுத் திட்டுகள்

வெளுத்த துண்டைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருகிறவர்கள் கை துடைக்கிற துணியைப் பார்த்துத்தான் வீட்டுக்காரியை எடைபோடுவார்கள் என்று நினைக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் வீட்டில், முதுநகரில், ஆசையாக வாங்கிய நீலத் துண்டுகளில் ஆரஞ்சுத் திட்டுகள் விழத் தொடங்கின. சாயம் போவதென்றால் துண்டு முழுக்கப் போக வேண்டும். இது அங்கங்கே விரலால் தொட்டு வைத்த மாதிரி இருந்தது.

போர்வெல் தண்ணீரைத் திட்டினேன். சோப்புத் தூளை மாற்றினேன். வாஷிங் மெஷினை ஒதுக்கிவிட்டுக் கையால் துவைத்தேன்; இடுப்பு வலிதான் மிச்சம். பிளீச்சிங் பவுடர் கையோடு துண்டைத் தொட்டாரா என்று கணவரை விசாரித்தேன். "நான் பாத்ரூம் கழுவியே எத்தினி மாசம் ஆவுது" என்றார், என்னவோ பெருமை மாதிரி.

இதற்கிடையில் சிதம்பரத்தில் தங்கை வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோடு போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்தோம். பின்னாலேயே அவளிடமிருந்து போன்.

"அக்கா, உங்க ஊரு வியாதி எங்க வூட்டுக்கும் வந்துடுச்சு. புது மெரூன் துண்டுல ஆரஞ்சு ஆரஞ்சா இருக்கு. என்னாத்த கொண்டாந்தீங்க?"

கிண்டலாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அங்கே தண்ணீர் வேறு, சோப்பு வேறு, மெஷின் வேறு. இரண்டு வீட்டிலும் இருந்தது நாங்கள் மட்டும்தான்.

அன்றைக்கே படுக்கையைத் தட்டிப் போடும்போது, பத்தாவது படிக்கும் மகளின் தலையணை உறையில் அதே திட்டுகளைப் பார்த்தேன். கன்னம் படுகிற இடம். தலையணைக்கு அடியில் பருவுக்குப் போடும் களிம்பு இருந்தது. துணியில் பட்டால் நிறம் வெளுக்கும் என்று அதன் அட்டையிலேயே போட்டிருந்தது.

பள்ளி விட்டு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இத ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கடலமாவு போடுன்னுவ. அப்பாதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. என் மூஞ்சியாலதான் துண்டு போச்சுன்னு தெரிஞ்சா, சித்திக்கிட்ட சொல்லிச் சிரிப்ப."

அவள் சொன்னது பொய்யில்லை. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. தணிந்து, "உனக்குன்னு தனியா வெள்ளத் துண்டு வாங்கிடலாம், அதுல வெளுக்க ஒண்ணுமில்ல" என்றேன்.

"எனக்கு மட்டும் ஏன் வெள்ளன்னு வர்றவங்க எல்லாம் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

ஆகவே வீட்டில் எல்லோருக்கும் வெள்ளைத் துண்டு வாங்கினேன். எங்கள் தண்ணீரில் இரும்பு ஜாஸ்தி. கொஞ்ச நாளிலேயே அத்தனையும் டீ வடிகட்டிய துணி போலப் பழுப்பேறின. சும்மா திட்டிய தண்ணீர் இப்போது நிஜமாகவே வேலையைக் காட்டியது. ஊறவைத்தும் தேய்த்தும் பார்த்தேன், போகவே இல்லை.

போன வாரம் தங்கை வந்தாள். கை கழுவிவிட்டு, துண்டை விரித்துப் பிடித்தாள்.

"என்னாக்கா இது கண்றாவி? ஆமா, அந்த ஆரஞ்சு எதால வந்துச்சுன்னு தெரிஞ்சுதா?"

அறை வாசலில் மகள் அசையாமல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் எங்க தண்ணிதான். எனக்குத் துவைக்கவும் தெரியல" என்றேன். சொல்லும்போதே உள்ளே கொதித்தது.

தங்கை துண்டைத் திருப்பித் திருப்பி, பழுப்பில்லாத மூலையாகத் தேடிக் கை துடைத்தாள். மகள் வந்து அதே துண்டை வாங்கி, அவள் எதிரிலேயே, முகத்தை நன்றாக அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.