துடைப்பம் இருக்குமிடம் தெரியாத துப்புரவுப் பணியாளர்

கோவிந்தம்மாள், திருமணமான கையோடு விழுப்புரம் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்தவர்; கரோல் பாக் வீடுகளில் பதினைந்து ஆண்டுகள் பாத்திரம் தேய்த்தவர்; பேருந்துகளின் நெற்றிப் பலகைகளைப் பார்த்தே இந்தியை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர். சென்ற ஆண்டு லோதி ரோட்டுப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்தத் துப்புரவு வேலை கிடைத்தபோது, இனி அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைத் தொடுவதில்லை என்று தெரு முழுக்க அறிவித்துவிட்டே பணியில் சேர்ந்தார்.

அறிவிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அலுவலக அதிகாரி வெங்கட்ராமன் அவரைத் தமிழில் விசாரித்தார். "விழுப்புரமா? அட, நம்ம ஊர்ப் பக்கம். வீட்ல கொஞ்சம் ஒத்தாசை பண்ணிட்டு வாம்மா."

அந்தக் 'கொஞ்சம்' மாதக்கணக்கில் நீண்டது. காலையில் வாசலிலுள்ள கருவியில் முகத்தைக் காட்டி வருகையைப் பதிவார். அலுவலகக் கார் அவரை அதிகாரியின் வீட்டில் இறக்கிவிடும். மாலையில் மீண்டும் முகம் காட்ட அழைத்துவரும். பதிவின்படி அவர் ஒரு நாளும் தவறாத பணியாளர். அலுவலகத்தில் துடைப்பம் எங்கே இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

மறுத்தால் ஒப்பந்ததாரர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். ஆகவே, முறைகேடுகளைத் தெரிவிக்கச் சொல்லிக் கருவிக்கு மேலே ஒட்டியிருந்த இலவசத் தொலைபேசி எண்ணை ஒரு நாள் குறித்துக்கொண்டு போய் அழைத்தார். எதிர்முனையில் பேசிய பெண், விரும்பினால் பெயரை மறைக்கலாம் என்றார். இது என்ன மொட்டைக் கடுதாசியா என்று கேட்டுவிட்டுக் கோவிந்தம்மாள் தம் பெயரைச் சொன்னார்.

"அச்சா. விசாரணை முடியும்வரை யாரிடமும் பேசாதீர்கள்."

அந்த அறிவுரையை அவர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்ததுதான் வினையாயிற்று. விசாரணை அதிகாரி சக்சேனா ஒரு காலை முன்னறிவிப்பின்றி வந்து, வெங்கட்ராமனின் எதிரிலேயே உட்கார்ந்து கோப்புகளைக் கேட்டார். வீட்டுக்குத் தகவல் சொல்ல வெங்கட்ராமனுக்கு வழியில்லை. காரில் ஏறவிடாமல் வாசலிலேயே நிறுத்திவைக்கப்பட்ட கோவிந்தம்மாளைக் கண்டு பதறியவர், அங்கே உண்மையிலேயே பெருக்கித் துடைக்கும் மஞ்சு.

"ஏய், செக்கிங் வந்திருக்கு. ஒண்ணும் தெரியாம முழிச்சா வேலை போயிடும்டி. வா, ஜல்தி." கையைப் பிடித்திழுத்து மூன்று மாடியும் சுற்றிக் காட்டினார். "துடைப்பம் படிக்கட்டுக்குக் கீழ. ஃபினாயில் ரெண்டாவது மாடி அலமாரியில. எங்க, திருப்பிச் சொல்லு."

சொன்னார்.

சற்று நேரத்தில் சக்சேனாவும் அதையேதான் கேட்டார். துடைப்பம்? படிக்கட்டுக்குக் கீழே. ஃபினாயில்? இரண்டாவது மாடி அலமாரி. வேலையைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய் முந்திக்கொண்டது. வெங்கட்ராமனின் முகம் மலர்ந்தபோதுதான், தம் புகாரைத் தாமே கவிழ்த்துவிட்டது கோவிந்தம்மாளுக்கு உறைத்தது. இதெல்லாம் இப்போதுதான் மஞ்சு சொல்லிக்கொடுத்தது என்று இந்தியில் திணறினார். சக்சேனா நம்பியதாகத் தெரியவில்லை.

அந்நேரம் கோவிந்தம்மாளின் கைபேசி ஒலித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார் சக்சேனா.

"கோவிந்தம்மா, மணி பதினொண்ணாச்சு, எங்க போய்த் தொலைஞ்சே? இட்லி மாவு பொங்கி வழியுது. சாம்பாருக்குக் குக்கர் யார் வைப்பாங்களாம்?"

"என் மனைவிதான். இந்தம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள்," என்று வெங்கட்ராமன் இந்தியில் மொழிபெயர்த்தார்.

"இட்லி, சாம்பார், குக்கர். இந்த அளவுக்குத் தமிழ் எனக்கும் தெரியும்," என்றார் சக்சேனா.

வெங்கட்ராமன் மீதான விசாரணை இன்னும் நடக்கிறது. கோவிந்தம்மாளுக்கு மறுநாளே மூன்றாவது மாடி ஒதுக்கப்பட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்ல?" என்று மஞ்சு முறைத்தார்.

"யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னுட்டாங்கக்கா."

"நல்லா பேசாம இருந்தே, போ. மேல மாடி பூரா புறா எச்சம். போய்ச் சுரண்டு, கவர்மெண்ட் வேலை."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோவிந்தம்மாள் மாடியேறினார்.