பச்சைக்கல் கரைந்த வைகாசி

எதிர்மனையில் வீடு கட்டுகிறார்கள். இன்று காலை லாரியில் வந்து இறங்கிய செங்கல் மேல் கொத்தனார் குழாயால் தண்ணீர் பாய்ச்சினார். சூடான கல் தண்ணீர் குடிக்கும்போது ஒரு வாசனை வருமே, மழை வாசனை என்று எல்லோரும் மூக்கை நீட்டுவார்களே, அதுதான். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். அதே நேரம் வங்கக் கடலில் புயல் என்று கைப்பேசி சிணுங்கியது. இப்போது புயல்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில், அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு கண்மாய்க் கரையில், பாசனப் பிரிவு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தபோது ரேடியோவில் திசை மட்டும் சொல்வார்கள்.

தினமும் காலை எட்டரைக்கு அலுவலக முற்றத்து மழைமானியைத் திறந்து, தண்ணீர் இருந்தால் அளந்து எழுதுவது என் வேலைகளில் ஒன்று. மழைமானி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்; மேலே ஒரு புனல், கீழே ஒரு குடுவை. பாதி நாள் உள்ளே பல்லிதான் இருக்கும். அதை வெளியே விட்டு, 'மழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பெய்யாத மழைக்கும் கையெழுத்துப் போட்ட ஆள் நான்.

அலுவலகப் பதிவேடு போதாதென்று சொந்தமாக ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்தேன். கடலில் என்றைக்குப் புயல், எந்தப் பக்கம் போனது, நம் மானியில் எவ்வளவு என்று நீல மையில் எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடிடுவேன். ஐப்பசி, கார்த்திகைப் புயல் நமக்கு மழை தரும். வைகாசிப் புயல் ஆந்திராவுக்குப் போய்விடும், நமக்கு அனல் காற்றுதான் மிச்சம். இதுதான் நான் கண்டுபிடித்தது. நான்கு வருடக் குறிப்பு. நான்கு வருடம் என்பது எனக்கு அப்போது ஒரு யுகம் மாதிரி இருந்தது.

ஐந்தாம் வருடக் கோடையில் வைகாசி பிறந்தும் ஒரு சொட்டு இல்லை. கிணறுகள் வற்றிப் பருத்தி வாடிக்கொண்டிருந்தது. ஊரே மேகத்துக்கு ஏங்கியபோது வீரணன் மட்டும் மேகத்துக்குப் பயந்தார். தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்த குடும்பம் அவருடையது. அந்த வருடம்தான் மூன்று சென்ட் வீட்டுமனைக்குப் பட்டா கிடைத்திருந்தது. கல்வீடு கட்டுவது என்று முடிவு செய்து, வறண்ட கண்மாயில் மண் வெட்டி, அவரும் மனைவி பேச்சியும் தாங்களே அச்சில் செங்கல் அறுத்தார்கள். அறுத்து வெயிலில் காயப்போட்ட கல்லைப் பச்சைக்கல் என்பார்கள். காளவாசலில் அடுக்கித் தீ வைக்கும்வரை அது வெறும் மண். (மதுரைக்காரர்களுக்குக் காளவாசல் என்றால் இன்று பஸ் நிறுத்தம், செங்கல் சூளைக்கு அதுதான் பெயர்.) ஆறாயிரம் கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய் எண்ணினேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை.

புயல் செய்தி வந்த சாயங்காலம் வீரணன் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"சார், ரேடியோவுல பொயலுங்கிறாக. காளவாசலுக்கு வெறகு காய இன்னும் நாலு நாளாகும். கீத்து எரவல் வாங்கி மூடிருவமா?"

நாட்குறிப்பை விரித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. சிவப்புக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைகாசிப் பொயல் இங்க வராது வீரணா. மூடி வச்சா கல்லுதான் காயாது. விடு."

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அன்று அப்படித்தான் கூப்பிட்டோம்.

"இம்புட்டு எழுதி வச்சிருக்கீக, தப்பவா போகுது," என்று சிரித்துக்கொண்டே போனார். பேச்சிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மறுநாள் நான் காதில் வாங்கும்படியே கணவரிடம் சொன்னார்: "டப்பாக்குள்ள பல்லி புடிக்கிற சாரக் கேட்டுத்தான் மழை பெய்யப் போகுதாக்கும்!"

புயல் ஆந்திராவுக்குத்தான் போனது. அதில் நான் தவறவில்லை. ஆனால் கரையோரமாக மெதுவாக ஊர்ந்து போனது. அதன் ஓரத்து மேகங்கள் மூன்றாம் நாள் பிற்பகலில் அழகர்மலைப் பக்கமிருந்து கருத்து இறங்கின. மூன்று மணிக்குப் பிடித்த மழை விளக்கு வைத்த பிறகும் விடவில்லை. வீரணன் மனைக்குக் குடையோடு ஓடினேன். சாக்கு, வேட்டி, சேலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் இருவரும் விரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கல்லின் முனைகள் மழுங்கின. பிறகு வரிசைகள் சரிந்தன. பிறகு எது கல், எது தரை என்று தெரியவில்லை. என் குடைக்குக் கீழே பத்துக் கல் நனையாமல் இருந்தன. என்னால் முடிந்தது அவ்வளவுதான். ஊருக்குள்ளிருந்து பெண்களின் குலவைச் சத்தம் கேட்டது.

மறுநாள் எட்டரைக்கு அளந்தேன். அளவுக்குடுவையை மூன்று முறை நிரப்பிக் கொட்டினேன். அந்தக் கோடை முழுவதும் எங்கள் மானியில் விழுந்த மழை அது ஒன்றுதான். எங்கள் பக்கத்து வறட்டுப் பூமியில் எங்கோ போகிற புயல் சிந்திவிட்டுப் போவதுதான் சில வருடம் கோடைமழை. பருத்தி பிழைத்தது.

அளந்து முடிக்கும்போது, ஊரின் பெரிய நிலக்காரச் சம்சாரி மொக்கைச்சாமி தெருவில் நின்று கத்தினார்:

"ஏய் வீரணா! ஈரம் காயிறதுக்குள்ள உழவு போடணும், வாடா. ஊருக்கே மழை பெஞ்சிருக்கு, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்க?"

"வாரேன்யா."

ஊர் சந்தோஷமாக இருந்த நாளில் அவர் எங்கே போய் அழுவார்? முழங்கால்வரை அப்பியிருந்த சேற்றைக் கழுவாமலே ஏர் பிடிக்கப் போனார். அது அவர் வீட்டுச் சேறு. என்னைக் கடக்கும்போது நின்று, "நீங்க என்ன சார் பண்ணுவீக, வானத்துக்குக் கடிவாளமா போட முடியும்?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

உழவு, விதைப்பு, களை என்று கூலிவேலை தொடர்ந்தது. ஐப்பசியில் கண்மாய் நிறைந்து, மண் வெட்டிய இடம் தண்ணீருக்குள் போனது. அடுத்த கோடையில் பேச்சியால் மண் மிதிக்க முடியவில்லை, இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீரணன் கரைந்து கிடந்த மண்ணையே குழைத்துச் சுவர் வைத்து, மேலே கீற்று வேய்ந்தார். எனக்கு மாற்றல் வந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். அலுவலகம் இல்லை. கண்மாயில் பாதி சாலையாகியிருந்தது. வீரணனும் பேச்சியும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்று டீக்கடையில் சொன்னார்கள். மூன்று சென்ட்டைத் தேடிப்போனால், கருவேல முள்ளும் சமதரையும்தான் இருந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னையே பார்த்தார்.

"யாரத் தேடுறீக?"

"இங்க ஒரு வீடு…"

"எனக்கு வெவரம் தெரிஞ்சு இங்க ஒரு மண் குடிசைதான் கெடந்துச்சு, கல்வீடு எதுவும் இருந்ததில்லையே அண்ணே."

ஆமாம், இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.